பள்ளிக்கூட கமிட்டியில் யார் உட்காருவது? - மும்பையில் ஒரு பழைய கதை

மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் எட்டு மொழிகளில் பாடம் நடக்கிறது என்று ஊரில் யாரிடமாவது சொன்னால் சட்டென்று நம்ப மாட்டார்கள். மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம், கூடவே நம் தமிழ். ஒரே கட்டடத்தில் கீழே மராத்தி, முதல் மாடியில் இந்தி, அதற்கு மேல் தமிழ் என்று அடுக்கி வைத்த மாதிரி நடக்கும் பள்ளிகளும் உண்டு. இந்தியாவில் வேறு எந்த ஊராட்சி, நகராட்சியும் இத்தனை மொழிகளைக் கட்டி மேய்க்கிறதா என்பது சந்தேகம்தான்.

அப்படி ஒரு தமிழ்வழிப் பள்ளியின் மேலாண்மைக் கமிட்டியில் நானும் ஒரு உறுப்பினர். "உள்ளூர்க் கல்வியாளர்" என்ற இடம். கல்வியாளர் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. நான் வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். தமிழும் மராத்தியும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன், அவ்வளவுதான்.

கூட்டங்களுக்குப் போகப் போக ஒரு கேள்வி மண்டையைக் குடைய ஆரம்பித்தது. இந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி உண்மையில் முடிவு எடுக்கிறது யார்? ஆசிரியரை அனுப்புவது ஒருவர், பணம் கொடுப்பது இன்னொருவர், எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானிப்பது மூன்றாமவர். கையெழுத்துப் போடுவது மட்டும் நாங்கள். இது எப்போதிலிருந்து இப்படி என்று தேடிப் படித்தால், கதை 1840-ல் போய் நின்றது.

1840: ஏழு பேர் கொண்ட போர்டு

பம்பாய் மாகாணத்தில் கல்வியைக் கவனிக்க 1840-ல் ஒரு "போர்டு ஆஃப் எஜுகேஷன்" அமைத்தார்கள். தலைவரோடு சேர்த்து ஏழு பேர். அதில் மூன்று பேர் இந்தியர்கள்: ஜகன்னாத் சங்கர்சேட், ஃப்ராம்ஜி கவாஸ்ஜி, முகமது இப்ராகிம் மக்பா. ஒரு மராத்தி பேசும் வணிகர், ஒரு பார்சி, ஒரு முஸ்லிம். பம்பாயின் குணம் அன்றைக்கே தெரிகிறது பாருங்கள்.

கிர்காவ் பக்கம் போகிறவர்களுக்கு ஜே.எஸ்.எஸ். ரோடு தெரிந்திருக்கும். அந்த ஜே.எஸ்.எஸ். இந்த ஜகன்னாத் சங்கர்சேட்தான். நானா சங்கர்சேட் என்று இங்கே மரியாதையாகச் சொல்வார்கள். 1853-ல் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். ஊரில் முக்கால்வாசி நல்ல காரியங்களில் அவர் கை இருந்தது.

1843-ல் இந்த போர்டுக்குத் தலைவராக வந்தவர் எர்ஸ்கின் பெர்ரி, நீதிபதி. அவர் கட்சி இது: கையில் இருக்கிற பணம் கொஞ்சம். அதை ஊர் முழுக்கத் தெளித்தால் ஒருவருக்கும் தொண்டை நனையாது. மேல்தட்டில் சிலருக்கு ஆங்கிலத்தில் நன்றாகச் சொல்லிக்கொடுப்போம், அவர்களிடமிருந்து அறிவு கீழே வடியும். தாய்மொழிகளில் புத்தகம் எங்கே இருக்கிறது?

எதிர்க்கட்சிக்கு கர்னல் ஜெர்விஸ் என்ற இன்னொரு வெள்ளைக்காரர். 1847-ல் சண்டை முற்றியது. மூன்று இந்திய உறுப்பினர்களும் ஜெர்விஸ் பக்கம் நின்றார்கள். நானா சங்கர்சேட் தன் கருத்தை எழுதியே கொடுத்தார். பெருவாரியான மக்களிடம் போய்ச் சேர வேண்டிய படிப்பு அவர்கள் மொழியில்தான் போய்ச் சேரும், ஆங்கிலம் எட்டுவது வெகு சிலருக்குத்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் ஆங்கிலத்துக்கு எதிரி கிடையாது. எல்ஃபின்ஸ்டன் கல்லூரி வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மேலே போகிறவனுக்கு ஆங்கிலம் கொடுங்கள், ஆனால் கீழே இருக்கிறவன் வாசலை அடைக்காதீர்கள் என்றார்.

போர்டு இரண்டாகப் பிளந்து நின்றதால் விஷயம் அரசாங்கத்துக்குப் போனது. 1848-ல் அரசு ஒரு நடுவழி சொன்னது: ஆரம்பக் கல்வி தாய்மொழியில், உயர்கல்வி ஆங்கிலத்தில். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று பேரும் தலைவர் சொன்னதற்குத் தலையாட்டியிருந்தால் இந்த அளவுகூட வந்திருக்காது. கமிட்டியில் எழுத்தில் பதிந்த ஒரு மாற்றுக் கருத்துக்கு எவ்வளவு கனம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான்.

அந்த போர்டிலும் ஒரு குறை உண்டு. இருந்த ஏழு பேரில் ஒருவர் பிள்ளையும் அந்தக் கிராமத்துத் தாய்மொழிப் பள்ளியில் படிக்கப் போவதில்லை. நல்லவர்கள்தான், பெரிய மனிதர்கள்தான். ஆனால் அடுத்தவர் பிள்ளைக்கு முடிவெடுத்த பெரிய மனிதர்கள்.

1854-ல் வுட் அறிக்கை வந்தது. அடுத்த வருஷம் போர்டைக் கலைத்துவிட்டு இயக்குநர் தலைமையில் கல்வித்துறை அமைத்தார்கள். கமிட்டி போய் ஆபீஸ் வந்தது.

பணம் யாருடையது?

அடுத்த அத்தியாயம் 1882. ஒரே வருஷத்தில் இரண்டு விஷயம். ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். ஹண்டர் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து, ஆரம்பக் கல்வியை நகராட்சிகளிடமும் உள்ளூர் போர்டுகளிடமும் ஒப்படைக்கச் சொன்னது.

அந்த ஹண்டர் கமிஷனுக்கு புனேயிலிருந்து ஜோதிராவ் புலே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை அவசியம் தேடிப் படியுங்கள். உழவன் கட்டுகிற வரியில் கல்விக்கென்று ஒரு பங்கு பிடிக்கிறீர்கள், அந்தப் பணத்தில் படிப்பது மேல்ஜாதிப் பிள்ளைகள், உழவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே இல்லை, இது என்ன நியாயம் என்று கேட்டார். குறைந்தது 12 வயது வரை ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னார். 1882-ல்! அது அடிப்படை உரிமை என்று நம் அரசியல் சட்டத்தில் ஏற 120 வருஷம் பிடித்தது.

பம்பாய் நகரத்துக்கு 1888-ல் நகராட்சிச் சட்டம் வந்தது. ஃபெரோஸ்ஷா மேத்தாவின் உழைப்பு அதில் நிறைய. ஆரம்பப் பள்ளிகளை நடத்துவது நகராட்சியின் கடமைகளில் ஒன்று என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. திருத்தங்களோடு இன்றும் அமலில் இருக்கும் சட்டம் அது. எங்கள் பள்ளிக்கூடம் இன்றைக்கும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

கடமை வந்தது, காசு வந்ததா? கோபால கிருஷ்ண கோகலே 1911-ல் மத்திய சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். உள்ளூர் அமைப்புகள் விரும்பினால் 6 முதல் 10 வயது வரையிலான பையன்களுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம், செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசு தர வேண்டும். எவ்வளவு அடக்கமான கோரிக்கை! 1912 மார்ச்சில் 38-க்கு 13 என்று தோற்கடித்தார்கள். எதிர்த்து வாக்களித்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

இத்தனைக்கும் பக்கத்தில் பரோடா சமஸ்தானத்தில் சயாஜிராவ் மகாராஜா 1906-லேயே கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்துவிட்டார். ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

பிறகு 1918-ல் விட்டல்பாய் படேல் (சர்தாரின் அண்ணன்) பம்பாய் மாகாண நகராட்சிகளுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார். பம்பாய் நகரத்துக்குத் தனியாக 1920-ல் ஒரு சட்டம். 1925-ல் எஃப், ஜி என்ற இரண்டு வார்டுகளில் இலவசக் கட்டாயக் கல்வி தொடங்கியது. மில் தொழிலாளர்கள் நிறைந்த பகுதிகள் அவை. இன்றைய தாராவி ஜி-நார்த் வார்டில்தான் இருக்கிறது என்பதை நம் ஆட்கள் கவனிக்கலாம்.

நம் ஆட்கள் வந்த கதை

பம்பாய்த் தமிழர்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். வந்த வழி இரண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக தாராவிக்கு வந்தவர்கள் ஒரு பக்கம். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கணக்கும் கையில் வைத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு வந்தவர்கள் இன்னொரு பக்கம்.

மாட்டுங்காக்காரர்கள் 1932-ல் சவுத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கி, சொந்தப் பள்ளி கட்டி, சொந்த நிர்வாகக் குழு வைத்துக்கொண்டார்கள். இன்று அது பெரிய கல்லூரிகள் நடத்தும் நிறுவனம். தோல் ஷெட்டிலும் மில்லிலும் வேலை செய்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் பிள்ளைகளுக்கு நகராட்சிதான் கதி. ஒரு மொழி, ஒரு நகரம், நடுவில் ஒரு ரயில் பாதை. ஆனால் ஒரு கூட்டத்துக்குச் சொந்தமாக போர்டு இருந்தது, இன்னொரு கூட்டத்துக்கு வேறு யாரோ போர்டில் உட்கார்ந்தார்கள்.

சென்னையில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். 1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராய செட்டியார், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஏற்பாடு செய்தார். பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று கணக்கு. பிள்ளைகள் வந்தார்கள், வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் போனது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று மேலே இருந்தவர்கள் தடை போட, 1925-ல் நின்றது. பசியோடு வருகிற பிள்ளை படிக்காது என்பது உள்ளூர்க்காரனுக்குத் தெரிந்திருந்தது. பணப்பையின் கயிறு அவன் கையில் இல்லை. காமராஜர் 1956-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுவரும்போதுதான் கயிற்றைப் பிடித்திருந்தவரே சோறு போட நினைத்தார். அதனால்தான் அது நிலைத்தது.

காகிதத்தில் வந்த உரிமைகள்

சுதந்திரத்துக்குப் பிறகு, பத்து வருஷத்துக்குள் 14 வயது வரை எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டம் சொன்னது. 1960 வந்தது, போனது. 2002-ல் 86-வது திருத்தம், 2009-ல் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் அமல்.

நடுவில் 1956-ல் சேர்ந்த 350-ஏ என்ற பிரிவு, வெளியூரில் இருக்கும் நமக்கு முக்கியமானது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்ப நிலையில் தாய்மொழியில் படிக்கப் போதிய வசதி செய்ய, ஒவ்வொரு மாநிலமும் *ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும்* முயல வேண்டும் என்கிறது. உள்ளாட்சி என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். மும்பையில் தமிழ்வழிப் பள்ளி நடப்பதை யாராவது தயவு, தாட்சண்யம் என்று பேசினால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். (முயல வேண்டும் என்றுதான் இருக்கிறது, செய்தே தீர வேண்டும் என்று இல்லை. அதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.)

2009 சட்டத்தின் 21-வது பிரிவுதான் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளில் எல்லாம் மேலாண்மைக் கமிட்டி வேண்டும். நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதி பெண்கள். மீதி இருக்கும் கால் பங்கில்தான் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதி, என்னைப் போன்ற "கல்வியாளர்" எல்லாம். கர்நாடகத்தில் 2001-லேயே எஸ்.டி.எம்.சி. என்ற பெயரில் இதே மாதிரி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாகத் திருத்தி அமைத்தார்கள்.

1840 போர்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 170 வருஷத்தில் பெரிய மனிதர்கள் சிறுபான்மையாகி, பிள்ளையைப் பெற்றவர்கள் பெரும்பான்மை ஆகிவிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தியக் கல்விச் சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத புரட்சி இது.

ஆனால் பணப்பை? கமிட்டியின் வேலை பள்ளியைக் கண்காணிப்பது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது. ஆசிரியரை நியமிக்க முடியாது. காலியிடம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. தமிழ்வழிக்கு ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. மகாராஷ்டிரத் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும், தமிழில் பாடமும் எடுக்கத் தெரிய வேண்டும். இருக்கிற ஆசிரியர்களையும் தேர்தல் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது? 2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்து, அதன் பிறகு வருஷக்கணக்கில் தேர்தல் இல்லாமல் நிர்வாகியின் கையில்தான் நகரம் இருந்தது. கவுன்சிலர் இல்லை, கவுன்சிலர்களின் கல்விக் கமிட்டியும் இல்லை. அந்தக் காலத்தில் மாநகராட்சிப் பள்ளிக் கல்வியில் மக்கள் பக்கம் மிச்சம் இருந்தது இந்த அம்மா அப்பாக்களின் கமிட்டி மட்டுமே.

மறுபடியும் 1847

எங்கள் கமிட்டியில் நடந்த ஒரு விவாதத்தைச் சொல்கிறேன். செமி இங்கிலீஷ் என்று மகாராஷ்டிரத்தில் ஒரு முறை உண்டு. கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில், மற்றவை தாய்மொழியில். எங்கள் பள்ளிக்கு அதைக் கேட்கலாமா, அல்லது தமிழ்வழி இப்படியே இருக்கட்டுமா என்று பேச்சு வந்தது. தமிழ்வழியில் சேரும் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள். தாராவி மறுசீரமைப்பில் யார் எங்கே போவார்கள் என்றும் தெரியாது. பிள்ளைகள் சிதறினால் வகுப்பும் போய்விடும்.

வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அம்மா சொன்னார்: "எம்புள்ள ஆபீஸ்ல போய் இங்கிலீஷ்ல ஒரு ஃபாரம் நிரப்பணும் சார். நான் எல்லாத்துக்கும் அடுத்தவக கால்ல விழுதேன்லா, அது அவளுக்கு வேண்டாம்."

பேரனுக்காக வந்திருந்த ஒரு பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டுல தமிழ், தெருவுல இந்தி, ஸ்கூல்ல மராத்தி ஒரு பாடம். இதுல கணக்கையும் இங்கிலீஷ்ல போட்டா பய எதைத்தான் ஒழுங்கா படிப்பான்? வாய்ப்பாட்டையாச்சும் தமிழ்ல விடுங்கய்யா."

எர்ஸ்கின் பெர்ரியும் நானா சங்கர்சேட்டும் பேசியது இதைத்தானே! ஒரு வித்தியாசம். இங்கே பேசிய இரண்டு பேருக்கும் அதே பள்ளியில் பிள்ளை இருக்கிறது. சட்டமும் முடிந்தவரை தாய்மொழியில் பாடம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்த "முடிந்தவரை"க்குள் தான் மொத்தச் சண்டையும் அடங்கியிருக்கிறது.

என் கருத்தையும் கேட்டார்கள். என் பிள்ளைகள் படிப்பது தனியார் ஆங்கிலப் பள்ளியில். அப்படிப்பட்ட நான், உங்கள் பிள்ளை தமிழில்தான் படிக்க வேண்டும் என்று சொல்வதற்கும் யோக்கியதை இல்லை, தமிழை விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்கும் இல்லை. சரித்திரம் படித்ததில் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்: எதை முடிவு செய்தாலும் எழுதி வையுங்கள், ஒத்துக்கொள்ளாதவர் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாநகராட்சியிலிருந்து வரும் காகிதம் எல்லாம் மராத்தியில் இருக்கும். கமிட்டி அம்மாக்களுக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. அதனால் இவ்வளவு நாளும் காட்டிய இடத்தில் கையெழுத்து. இப்போது ஒவ்வொரு சுற்றறிக்கையையும் தமிழில் வாசித்துச் சொல்கிறேன். அவர்கள் சொல்வதை மராத்தியில் வளர்ச்சித் திட்டத்தில் எழுதுகிறேன். அந்த வருஷத் திட்டத்தில் இப்படி எழுதினோம்: ஐந்தாவது வரை கணக்கு தமிழில், அதற்கு மேல் செமி இங்கிலீஷ், தமிழ்வழி ஆசிரியர் காலியிடம் இத்தனை, இத்தனை மாதமாக, பெரியவரின் மறுப்பு தனியாக. பெரியவர் வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் சட்டப்படி அந்தத் திட்டம்தான் பள்ளிக்குத் தரும் மானியத்துக்கு அடிப்படை. எழுதாத குறைக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, எழுதிய குறைக்கு ஒரு நாள் சொல்லியாக வேண்டும்.

வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் நம்மில் பலர் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு நாற்காலி போடுகிறோம். நல்ல காரியம்தான். அதோடு, உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடம் அவர் பிள்ளை எந்தப் பள்ளி என்று கேளுங்கள். அந்தப் பள்ளியில் கமிட்டி கூடுகிறதா, கூடினால் என்ன மொழியில் எழுதுகிறார்கள் என்று விசாரியுங்கள். பேசுவதற்கு அவர்களுக்கு நாம் தேவையில்லை, நம்மைவிட நன்றாகவே பேசுகிறார்கள். அதைச் சிந்தாமல் எழுதிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் போதும். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம்.